பெறுநர்

புதன்கிழமை இரவுகளில் போதகர் டைக்மன்
உலக முடிவைச் சுவரில் மாட்டுவார்.
பதினான்கு அடி நீளம், படுக்கை விரிப்புத் துணி.
இடது ஓரம் ஆதாம், வலது ஓரம் நெருப்பு.
நெப்ராஸ்கா எங்கேயும் இல்லை.

ஏழு தலை மிருகத்துக்கு இந்த வருஷம்
பிரஸ்ஸல்ஸில் அலுவலகம்.
போன வருஷம் மாஸ்கோவில் இருந்தது.
அந்த இடத்தில் மட்டும் வண்ணத்தின் மேல் வண்ணம் ஏறித்
துணி தடித்து வெடித்திருந்தது.

நான் தபால்காரி. கெல்லர்ஸ் ஃபோர்க்கில்
முப்பத்தோரு வருஷம்
பிறர் பெயர்களைப் படித்தே கண் மங்கியவள்.
எனக்குத் தெரிந்த வேதசாஸ்திரம் ஒன்றுதான்:
உறையின் மேல் யார் பெயரோ
கடிதம் அவருக்கு.

பனி கொட்டிய ஒரு ஞாயிறு மதியம்
கடைசிப் புத்தகத்தைத்
தபால் பிரிக்கிற கையால் திறந்தேன்.
தொடக்கத்திலேயே முகவரி.
எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா,
சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா.
தபால் பையோடு ஒருவன் நடக்கிற வரிசை அது.
துறைமுகத்தில் இறங்கி, வடக்கே ஏறி,
உள்நாட்டுப் பாதையில் வளைந்து திரும்புகிற சுற்று.
என் சுற்றும் அப்படித்தான், ஆற்றுக்குப் பதில் தானியக் கிடங்கு.
உள்ளே, அவர்களுக்கு,
'சீக்கிரம்' என்று எழுதியிருந்தது.

கை தூக்கினேன்.
"போதகரே, இது வேறு யாருக்கோ வந்த கடிதம் இல்லையா?
மறுநாள் சிறைக்குப் போகிற ஒருத்தி
சிமிர்னாவில் இதை வாசிக்கக் கேட்டிருப்பாள்.
வெட்டுக்கிளி என்றால் ஹெலிகாப்டர் என்று
அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?"

காப்பிக் கெட்டில் மட்டும் முனகியது.
"ஆவிக்குரிய கண் வேண்டும், லெனோரா."
கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் சங்கடம்.
என் அம்மா சாகக் கிடந்தபோது
மூன்று இரவு நாற்காலியைவிட்டு எழாதவர்.

ஆனால் வெட்டுக்கிளிகளை எனக்குத் தெரியும்.
முப்பத்தாறில் வந்தன.
சோளத்தைத் தின்றன. வெங்காயத்தை
மண்ணுக்குள்ளேயே குடைந்தன.
கொடியில் கிடந்த என் பச்சைப் பாவாடையைத் தின்றுவிட்டு
மண்வெட்டிக் காம்பில் ஊறியிருந்த
அப்பாவின் வியர்வையை அரித்தன.
அவற்றுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

ருபெல் குடும்பம் காற்றுத்தடுப்பு மரம் நடவில்லை.
வளர்வதற்குள் எடுத்துக்கொள்ளப்படுவோம் என்றார்கள்.
அவர்கள் நிலத்தின் மேல்மண் இப்போது
பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது.
வெர்னா ருபெல் பல் டாக்டரிடமும் போகவில்லை,
மறுரூப சரீரத்தை நம்பி.
வீங்கிய கன்னத்தோடு இரண்டாம் குரல் பாடுகிறாள்.

முதல் வரிசையில் ஐடா ஃப்ரிட்சன்.
மகன் லைல் டா நாங்கில்
ஹெலிகாப்டர் பழுதுபார்க்கப் போனவன்.
தந்தி வந்து ஒன்பதாம் நாள்
அவன் கடிதத்தை நான்தான் கொண்டுபோனேன்.
வேலி வரை போய்த் திரும்பி, மறுபடியும் போனேன்.
'சீக்கிரம் வந்துவிடுவேன் அம்மா.'
அவளே வாசித்துக் காட்டினாள்.
அந்தச் சீக்கிரம் எத்தனை நாள் என்று
யாரும் அவள் வீட்டுச் சுவரில் துணி விரிக்கவில்லை.
அது பொய்த்த தீர்க்கதரிசனம் என்றும் சொல்லவில்லை.
அவளுக்கு வந்தது. அவள் வைத்திருக்கிறாள்,
கைப்பையில், மாத்திரைச் சீசாவுக்குப் பக்கத்தில்.
புதன்தோறும் அந்தக் கைப்பையை மடியில் வைத்தபடி
சுழலும் இறக்கையுள்ள வெட்டுக்கிளியை
நேருக்கு நேர் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

சபையை விட்டுப் போனாயா என்று கேட்கிறார்கள்.
எங்கே போவது? அடுத்த சபை நாற்பது மைல்,
அங்கேயும் துணி இருக்கிறது, நிறம்தான் வேறு.
உலையை மூட்டுவதும் என் முறைதான்.

போன வாரம் மூன்று ஆணிதான் அகப்பட்டது.
வலது கீழ்மூலை, 'முடிவு' என்று எழுதிய இடம்,
சுருண்டு சுருண்டு மேலே வந்தது.
போதகர் திரும்பி என்னைப் பார்த்தார்.
எழுந்து போய்ப் பிடித்துக்கொண்டேன்.
ஒரு மணி நேரம். கை மரத்துப்போனது.